சமுதாயக் கூடத்தில் பல்கலைக்கழக விரிவுரைத் தொடர்: ஞாயிறு சாயந்திரம் போட்டால் ஓடுமா? (கடலூர்)

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு நலச் சங்கத்துல செயற்குழுவில் இருக்கேன். எங்க சமுதாயக் கூடம் காதுகுத்து, வளைகாப்பு, கண் பரிசோதனை முகாம் இதுக்குத்தான் திறக்கும். மத்த நாள் பூட்டுதான். ஞாயிறு சாயந்திரத்துல ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோட விரிவுரைத் தொடரைப் பெரிய திரையில ஸ்ட்ரீம் பண்ணினா என்னன்னு கூட்டத்துல பேச்சு வந்தது. பொருளாளர் சிரிச்சார். மத்தவங்க "பண்ணிப் பாரேன்"னுட்டாங்க.

என்ன தொடர் போடறது, யூடியூப்ல இருந்து அப்படியே போடலாமா, இங்கிலீஷ் வகுப்பை இங்க யார் உக்காந்து கேப்பாங்க, இதுதான் குழப்பம். புரொஜெக்டர் ஒரு உறுப்பினர் தர்றேன்னு சொல்லியிருக்கார். ஏற்கெனவே நடத்தினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

முதுநகர் மணியன்:
தம்பி, தடுக்கறேன்னு நினைக்காதீங்க. அந்த வீடியோ எல்லாம் எல்லார் போன்லயும் இருக்கு. வேணுங்கறவன் பாயில படுத்துக்கிட்டே பாத்துப்பான். வேணாங்கறவனைக் கூப்பிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெச்சா மட்டும் பாத்துடுவானா? கரண்டு காசு, வாட்ச்மேன் காசு யார் குடுக்கறது? அதே கூடத்துல பசங்களுக்கு டிஎன்பிஎஸ்சி பயிற்சி வெச்சா நாலு பேருக்கு வேலையாவது கிடைக்கும்.

லாஸ்பேட்டை அக்கா:
மணியன் அண்ணா, போன்ல இருக்குங்கறது சரி. பாக்கறாங்களா? இலவச ஆன்லைன் கோர்ஸ்ல சேர்றவங்கள்ல கடைசி வரைக்கும் போறவங்க ரொம்பக் கொஞ்சம். உலகம் பூரா அப்படித்தான். தனியா பாக்கும்போது புரியாத இடம் வந்தா விரல் தானா அடுத்த வீடியோவுக்குப் போயிடும். கூடத்துல பக்கத்து நாற்காலிக்காரர் "இப்ப என்ன சொன்னாரு?"ன்னு கேப்பார். நாம பதில் சொல்லப் பாப்போம், முடியாது, அப்பதான் நமக்கும் புரியலைன்னு தெரியும்.

கெடிலக்கரை தம்பி, நாங்க புதுச்சேரியில ஒரு மாடி ஹால்ல இதை நடத்தியிருக்கோம், இப்பவும் விட்டு விட்டு நடக்குது. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஸ்ட்ரீம் பண்ணாதீங்க, வீட்டுலயே இறக்கி பென் டிரைவ்ல கொண்டு வாங்க. 720பி தரத்துல ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 1 ஜிபி போகும். அது பெரிய விஷயம் இல்ல. ஆனா நடு வகுப்புல திரையில வட்டம் சுத்த ஆரம்பிச்சா பாதிக் கூட்டம் டீ குடிக்க எழுந்து போகும். போனது திரும்பாது.

அதைவிட முக்கியம், முழு வகுப்பையும் ஒரே மூச்சுல ஓட்டாதீங்க. 50 நிமிஷ வகுப்புல நாங்க 20 நிமிஷம்தான் போடுவோம். எட்டு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நிறுத்தி ஒருத்தர் எழுந்து தமிழ்ல பேசணும். அந்த ஒருத்தர் யாருன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் தொடரைத் தேடுங்க. எங்களுக்கு ஒரு ஸ்கூல் பிசிக்ஸ் டீச்சர் கிடைச்சாங்க. அவங்க இருந்த வரைக்கும் ஹால் நிறைஞ்சுது. காரைக்காலுக்கு மாற்றல் வந்து போயிட்டாங்க. அதே புரொஜெக்டர், அதே ஞாயிறு, அதே நேரம், கூட்டம் முன் வரிசையோட நின்னுடுச்சு.

சட்டம் சரவெடி:
யூடியூப் பத்திக் கேட்டிருந்தீங்க. அவங்க விதிமுறையிலயே இருக்கு: தனிப்பட்ட, வணிகம் சாராத பார்வைக்கு மட்டும்தான். பொதுவில் திரையிடக் கூடாதுன்னு உதாரணமே குடுத்திருக்காங்க. "இலவசமாத்தானே இருக்கு"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டம் 52வது பிரிவுல கல்வி நிறுவனத்துக்கு விலக்கு உண்டு, ஆனா பாக்கறவங்க அந்த நிறுவனத்தோட ஆசிரியர், மாணவர், பெற்றோர்னு அளவா இருக்கணும். ஊர்க் கூடம் அதுல வராது.

நேர்வழி இருக்கும்போது எதுக்கு சந்து பொந்து? கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல (தனியா அனுமதி கேக்காமலே மத்தவங்க பயன்படுத்தலாம்னு ஆக்கினவங்களே குடுக்கறது) வர்றதை எடுங்க. எம்.ஐ.டி. (குரோம்பேட்டை இல்ல, அமெரிக்கா) தன்னோட பாடங்களை இலவசமாப் போடற ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தை 2001-ல அறிவிச்சது. யேல் பல்கலைக்கழகத்தோட திறந்த வகுப்புகள் 2007-லிருந்து இருக்கு. ரெண்டுக்கும் உரிமம் ஏறக்குறைய ஒண்ணுதான். யார் நடத்தினதுன்னு சொல்லணும், காசு பண்ணக் கூடாது, மாத்தி வெளியிட்டா அதே உரிமத்துல வெளியிடணும். அவங்க தளத்துலயே இறக்கிக்கலாம். வகுப்புக்குள்ள வர்ற பிறரோட படம், திரைப்படத் துண்டு மட்டும் அந்த உரிமத்துல சேராது, அதைப் பாத்துக்குங்க. டீக்கு உண்டியல் வெக்கலாம். வாசல்ல டிக்கெட் வேணாம்.

இறுதியாண்டு:
அண்ணா என்பிடெல் போடுங்க! ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல ஆரம்பிச்ச இணைய வகுப்புத் திட்டம். பாடம் ஃப்ரீ. தேர்வு எழுதினாதான் 1000 ரூபாய். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் வந்தா இன்டர்வியூவுல காட்டலாம். நிறைய பாடத்துக்குத் தமிழ்லயும் எழுத்து வடிவம் இருக்கு. எங்க ஹாஸ்டல்ல நாங்க சேர்ந்துதான் பாப்போம்.

முதுநகர் மணியன்:
பாத்தீங்களா, பையன் சொல்றான். சான்றிதழ் இருந்தா வருவாங்க.

லாஸ்பேட்டை அக்கா:
தம்பி சொல்றது காலேஜ் பசங்களுக்குச் சரி. ஆனா ஊர்க் கூடத்துல தேர்வுன்னு ஒரு வார்த்தை விழுந்தா போதும், நாப்பது வயசுக்கு மேல ஒருத்தர் வரமாட்டாங்க. பெண்கள்தான் முதல்ல வராம நின்னுடுவாங்க. கூடத்தைப் பசங்களுக்கு மட்டும்னு ஆக்கறதா இருந்தா அதைச் செய்யுங்க, அதுவும் நல்ல காரியம்தான். அது வேற காரியம்.

நெய்வேலி ஓய்வு:
அனைவருக்கும் வணக்கம். மின் பராமரிப்பில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். தொழில்நுட்பப் பக்கத்தை யாரும் தொடாததால் எழுதுகிறேன்.

கூடத்தில் முதலில் கெடுவது படம் அன்று, ஒலி. சுவரும் தரையும் வெறுமையாக இருக்கும் கூடத்தில் கல்யாண மைக் செட்காரரின் பெரிய பாக்ஸை மேடையில் வைத்து ஆங்கிலப் பேச்சைப் போட்டால் ஒரு சொல்லும் பிரியாது. நாதஸ்வரத்துக்கு அது போதும், பேச்சுக்குப் போதாது. சிறிய பாக்ஸ் இரண்டை எடுத்துப் பக்கச் சுவரோரம் கூடத்தின் நடுப்பகுதியில், உட்கார்ந்தவர் காது உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். சத்தம் குறைவாக இருக்கட்டும். பின் சுவரில் பந்தல் துணி கட்டினால் எதிரொலி குறையும். மின்விசிறி இரைச்சல் இருக்கும் வரிசையில் முதியவர்களை உட்கார வைக்காதீர்கள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். உதடு ஒன்று சொல்லும், ஒலி பின்னால் வரும். கம்பி போட்டு இணையுங்கள்.

புரொஜெக்டர் 3000 லூமனுக்குக் குறைந்தால் மாலை 4 மணிக்கு மேற்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள் அல்லது 6 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வகை புரொஜெக்டராக இருந்தால் திடீர் மின்தடை அதற்கு ஆகாது. உள்விசிறி சட்டென்று நின்று விளக்கு சூட்டிலேயே கிடக்கும். இன்வெர்ட்டரில் போடுங்கள். புரொஜெக்டர், லேப்டாப், ஒலி மூன்றும் சேர்ந்து 400 வாட்டைத் தாண்டாது. 150 ஆம்பியர்-அவர் பாட்டரி நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மணி நேரம் தாங்கும்.

இன்னொன்று. சப்டைட்டில் எப்போதும் திரையின் அடியில் வரும். பின்வரிசைக்காரருக்கு முன்வரிசைத் தலைதான் தெரியும். விஎல்சி பிளேயரில் அதை மேலே ஏற்றலாம், வேகத்தையும் சற்றுக் குறைக்கலாம்.

இணையமே இல்லாத இடம் என்றால் ஸ்வயம் பிரபா இருக்கிறது. 2017-ல் தொடங்கிய கல்விச் சேனல்கள். ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகின்றன, டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால் மாதச் சந்தா இல்லை. ஒரு நாளின் புதிய நிகழ்ச்சி சுமார் 4 மணி நேரம். அதையே அன்றைக்கு மேலும் 5 தடவை திரும்பப் போடுவார்கள். நம் வசதிக்கு ஏற்ற நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கனமழையில் சிக்னல் போகும், அதுதான் குறை. நடுவில் நிறுத்திப் பேச முடியாது என்பது அக்கா சொன்ன கணக்கில் அதைவிடப் பெரிய குறை.

கெடிலக்கரை:
ஐயா, பிரின்ட் எடுத்துக் கூடத்துல ஒட்டப் போறேன். இணையத்துல கிடைக்காத சமாச்சாரம்.

சரி, என்ன தொடர்? ஹார்வர்டுல மைக்கேல் சாண்டெல் நடத்தின நீதி வகுப்பு பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கேன். 12 பகுதி, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்குள்ள. அவர் பேசறதைவிட மாணவர்களைப் பேச விடறதுதான் அதிகம்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல பேச ஆள் இல்லாமலா போயிடும்?

சட்டம் சரவெடி:
நல்ல வகுப்பு. ஆனா நான் சொன்ன மாதிரி திறந்த உரிமத்துல வர்றது இல்ல. எழுதி அனுமதி கேளுங்க.

லாஸ்பேட்டை அக்கா:
அதுல முதல் பகுதியில ஒரு வழக்கு வரும். 1884-ல ஒரு இங்கிலாந்துப் படகு நடுக்கடல்ல மூழ்கி நாலு பேர் சின்ன ஓடத்துல தப்பிக்கறாங்க. சோறு இல்ல, தண்ணி இல்ல. கடைசியில 17 வயசுப் பையனைக் கொன்னு தின்னு மத்த மூணு பேர் உயிர் பிழைக்கறாங்க. கோர்ட்டு மரண தண்டனை குடுத்து, அப்புறம் அது ஆறு மாசச் சிறையாக் குறைஞ்சுது. வழக்கு யாருக்கும் சொந்தம் இல்லையே, அதனால நாங்க வீடியோவே போடாம கதையை மட்டும் தமிழ்ல சொல்லிப் பாத்தோம். வைத்திக்குப்பத்துல இருந்து வந்திருந்த ஒரு அம்மா "அந்தப் பையனை முதல்ல தண்ணி குடிக்க விடாமக் காப்பாத்தத் துப்பில்ல, அப்புறம் என்ன பெரியவங்க?"ன்னாங்க. நிஜமாவே அந்தப் பையன் கடல் தண்ணியைக் குடிச்சுத்தான் படுத்துட்டான். நாங்க அதைச் சொல்லவே இல்ல. கடல்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

பண்ருட்டி முந்திரி:
எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதப் பிரசங்கம் நடக்கும்போது ஒருத்தர் பாட்டைப் படிப்பார், இன்னொருத்தர் பொருள் சொல்வார். பாட்டு கடினம்னு ஒருத்தரும் எழுந்து போனதில்ல. பொருள் சொல்றவர் சரியில்லாத வருஷம்தான் கூட்டம் கரையும். அக்கா சொல்ற முறை அதேதான். இங்கிலீஷ் ஒரு பிரச்சினையே இல்ல, பொருள் சொல்ல ஆள் தேடுங்க.

சோனங்குப்பம் பேத்தி:
நான் இங்க எழுதறது முதல் தடவை. எங்க ஊர்க் கூடத்துலயும் இது வேணும்னு ஆசை, அதான். நீதி, தத்துவம் எல்லாம் இருக்கட்டும். கடலைப் பத்தி, புயலைப் பத்தி யாராவது பாடம் நடத்தியிருக்காங்களா? 2011-ல வந்த 'தானே'ங்கற புயலைப் பத்தி எங்க தாத்தா இன்னிக்கும் பேசுவார். "முதல்ல வாடை அடிச்சுது, நடுவுல அடங்கின மாதிரி இருந்துது, அப்புறம் தெக்கேருந்து திருப்பி அடிச்சுது, திருப்பி அடிச்சதுலதான் ஓடு போச்சு"ம்பார். ஏன் திரும்புச்சுன்னு கேட்டா "அது அப்படித்தான்". எங்க ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தது பரீட்சையோட போச்சு.

லாஸ்பேட்டை அக்கா:
பேத்தி, உங்க தாத்தாவை அப்படியே கூடத்துக்குக் கூட்டிட்டு வாங்க. நான் சொல்ல வந்த தொடரே அதுதான். யேல்ல ரொனால்ட் ஸ்மித் நடத்தின வளிமண்டலம், கடல், சூழல் மாற்றம் பத்தின வகுப்பு. 2011-ல பதிவு பண்ணினது, 36 வகுப்பு. உரிமம் சரவெடி சொன்ன திறந்த உரிமம். மேகம் உண்டாக்கிக் காட்டற சோதனை இருக்கு, கொரியாலிஸ் விசையும் (பூமி சுத்தறதால ஓடற காத்தை ஒரு பக்கமா ஒதுக்கறது) புயலும் ஒரு வகுப்பு, எல் நினோ (பசிபிக் கடல் சூடாகி மழையை மாத்தறது) ஒரு வகுப்பு, கடல் நீரோட்டம் இருக்கு. முப்பத்தாறையும் போடணும்னு இல்ல. ஆரம்பத்துல வாயு விதி, அழுத்தக் கணக்குன்னு போகும், அதை ஊர்க் கூடத்துல போட்டா கொட்டாவிதான். நாங்க பொறுக்கி எடுத்து ஏழெட்டுதான் போட்டோம்.

கொரியாலிஸ் அன்னிக்கு வீடியோ நாலு நிமிஷம்கூட ஓடல. எல்லார் முகமும் வெறிச்சுப் போச்சு. டீச்சர் நிறுத்திட்டு ஆபீஸ் ரூம்ல இருந்து சுழல் நாற்காலியை உருட்டிட்டு வந்தாங்க. அது மேல ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவுத்து வெச்சு, ஒரு பையனை இடப்பக்கமாச் சுத்தச் சொல்லிட்டு, இன்னொரு பொண்ணு கையில சாக்பீஸைக் குடுத்து "நடுவுல இருந்து விளிம்புக்கு நேராக் கோடு போடு"ன்னாங்க. அந்தப் பொண்ணு கை நேராத்தான் போச்சு. தட்டுல விழுந்த கோடு வலப்பக்கம் வளைஞ்சிருந்தது. மறுபடி போட்டா மறுபடி வளையுது. அப்புறம் வரிசையில நின்னு ஆளாளுக்குப் போட்டுப் பாத்தாங்க, ரொம்ப நேரம் அதே வேலை. பூமியும் அந்தத் தட்டு மாதிரி சுத்துது. புயலுக்கு நடுவுல இருக்கற குறைந்த அழுத்தத்தைப் பாத்து நாலாப்பக்கம் இருந்தும் ஓடி வர்ற காத்து இப்படி வலப்பக்கமா ஒதுங்கறதாலதான் நம்ம வடகோளத்துல புயல் கடிகாரத்துக்கு எதிராச் சுத்துது. நிலநடுக்கோட்டை ஒட்டி அந்த விசை இல்லாத அளவுக்குக் குறைஞ்சுடும், அதனால அங்க புயல் உருவாகறது ரொம்ப அரிது. இதைச் சொல்லிட்டு வீடியோவைத் திரும்பப் போட்டப்ப சப்டைட்டில் படிக்காமலேயே தலையாட்டினாங்க.

இப்ப தாத்தா சொன்னதைப் பாருங்க. தானே 2011 டிசம்பர் 30 காலையில கடலூரை ஒட்டித்தான் கரை ஏறிச்சு. புயல் கிழக்கே கடல்ல இருக்கறப்ப நாம அதோட மேற்குப் பக்கம். இடஞ்சுழியாச் சுத்தற காத்து மேற்குப் பக்கத்துல வடக்கேருந்து தெக்கே ஓடும், அதான் வாடை. புயல் நம்மைத் தாண்டி மேற்கே போனதும் நாம அதோட கிழக்குப் பக்கம் வந்துடறோம், காத்து தெக்கேருந்து வடக்கே. நடுவுல அடங்கினது மையம் பக்கத்துல போனது. அது தெரியாம "புயல் நின்னுடுச்சு"ன்னு வெளிய வந்தவங்கதான் அடிபடுவாங்க.

சோனங்குப்பம் பேத்தி:
அக்கா இதை அப்படியே தாத்தாகிட்ட படிச்சுக் காட்டினேன். "சரிதான், ஆனா கடல் ஏன் சில புயலுக்கு உள்ள வருது, சில புயலுக்குப் பின்வாங்குது, அதைக் கேளு"ங்கறார். சோதிக்கறார்னு நினைக்கிறேன்.

லாஸ்பேட்டை அக்கா:
தாத்தாவுக்கு வணக்கம் சொல்லுங்க. அதே சுழல்தான். புயல் நமக்குத் தெக்கே கரை ஏறினா நம்ம கரையில காத்து கடல்ல இருந்து நிலத்துக்கு, கொண்டல் பக்கமா அடிக்கும், தண்ணியைத் தள்ளிக்கிட்டு ஊருக்குள்ள வரும். வடக்கே ஏறினா காத்து நிலத்துல இருந்து கடலுக்கு, கச்சான் மாதிரி. தண்ணி பின்வாங்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் இங்க புதுச்சேரி பக்கம் ஏறினப்ப அவர் கடலை எப்படிப் பாத்தார்னு கேளுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும். இங்க ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை கொட்டினதால நாங்க யாரும் கடல் பக்கமே போகல.

பண்ருட்டி முந்திரி:
தானேவுல எங்க முந்திரியும் பலாவும் வேரோட போச்சு. மரம் எந்தப் பக்கம் சாஞ்சு கிடந்துதுன்னு ஊர்ல எல்லாருக்கும் நினைவிருக்கு. இந்த வகுப்பு நடக்கற அன்னிக்கு ஒரு வேன் பிடிச்சு வர்றோம். நிசமாத்தான்.

முதுநகர் மணியன்:
இதுக்கு நான் வர்றேன். கரண்டு காசைப் பத்தி இன்னும் யாரும் பதில் சொல்லல, அதையும் சொல்லிடறேன்.

நெய்வேலி ஓய்வு:
400 வாட், இரண்டு மணி நேரம் என்றால் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. விசிறிகள்தான் அதைவிட அதிகம் இழுக்கும்.

கெடிலக்கரை:
மணியன் அண்ணாவே வர்றேன்னதுக்கு அப்புறம் பொருளாளர் என்ன, எல்லாரும் வருவாங்க. எப்ப வெக்கலாம்? பேத்தி சொன்ன மாதிரி கடல்காரங்க வரணும்னா மீன்பிடித் தடைக்காலம்தான் தோது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது.

சோனங்குப்பம் பேத்தி:
அப்பதான் வலை பின்னறதும் படகு பெயின்ட் அடிக்கறதும். ஆனா சாயந்திரம் சும்மாதான் இருப்பாங்க. நாட்டுப் படகுக்காரங்க அப்பவும் கடலுக்குப் போவாங்க, ஆறு மணிக்குன்னா அவங்களும் வரலாம்.

லாஸ்பேட்டை அக்கா:
வைகாசி முகூர்த்தத்துல கூடம் கிடைக்குமா தம்பி? எங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூடக் காலியா கிடைக்கல. ஆடியில கல்யாணம் இல்ல, கூடம் காலி, ஆனா தெருவுக்குத் தெரு அம்மன் பாட்டு மைக் செட். பேராசிரியர் வாயசைக்க எல்.ஆர். ஈஸ்வரி குரல்தான் கேட்கும்.

கெடிலக்கரை:
முகூர்த்தம் இல்லாத ஞாயிறாப் பாத்து எடுத்துக்கறோம், வாராவாரம் வேணாம், ரெண்டு வாரத்துக்கு ஒருதரம். பொருள் சொல்ல எங்க தெருவிலயே ஒரு ரிட்டயர்டு புவியியல் வாத்தியார் இருக்கார், சாயந்திரம் போய்க் கேட்டேன். "வீடியோவை முன்னாடியே குடுத்துடு, ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் வாயைத் திறப்பேன்"னார். கொரியாலிஸ் வகுப்பை இறக்கியாச்சு. சுழல் நாற்காலி சங்க ஆபீஸ்லயே இருக்கு. வர்ற ஞாயிறு ஆள் இல்லாம ஒலி, படம் மட்டும் சோதிச்சுப் பாக்கறோம். பந்தல் துணி ஷாமியானாக்காரர் சும்மாவே தர்றார். எச்டிஎம்ஐ கேபிள் மட்டும் 15 மீட்டர் வேணும், யார்கிட்டயாவது இருக்கா?

இறுதியாண்டு:
என்கிட்ட 10 இருக்கு அண்ணா.

நெய்வேலி ஓய்வு:
அதுவே போதும். தரமில்லாத நீளக் கேபிளில் படம் விட்டு விட்டு வரும். லேப்டாப்பை மேடையில் வைக்காமல் புரொஜெக்டர் பக்கத்து ஸ்டூலிலேயே வையுங்கள், 2 மீட்டரே போதும். நிறுத்துவது, ஓட்டுவதை அந்தப் பையனிடமே ஒப்படையுங்கள். ஞாயிறு 5 மணிக்கு நான் மல்டிமீட்டருடன் வருகிறேன்.